நான்கு நாளில் நீக்கம், பிறகு விசாரணை



மேடையில் சொல் தடுக்கினால் தமிழர் ‘அது வந்து…’ என்று இழுப்பார். ஜப்பானியர் ‘அனோ’ என்பார். சீனர் ‘நெய்கெ’ என்பார். மூன்றிலும் இருப்பது சுட்டுச்சொல்தான். அடுத்த சொல் நாவுக்கு வரும்வரை இடம் பிடித்து வைக்கிற சொல். தமிழ் இலக்கணம் அசைநிலை என்று பேசுவதற்கு நெருக்கமான சங்கதி. இதை வகுப்பில் விளக்கியதற்காக ஒரு பேராசிரியர் தம் பாடத்திலிருந்தே விலக்கப்பட்டார்.

2020 ஆகஸ்ட் 20. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மார்ஷல் வணிகப் பள்ளி. கொரோனா காலம் என்பதால் ஜூமில் நடந்த எம்.பி.ஏ. வகுப்பு. பேச்சில் இடையிடையே வந்து விழும் வெற்றுச் சொற்களைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த கிரெக் பாட்டன், சீன மொழியில் அது எப்படி இருக்கும் என்று சொல்லிக்காட்டினார். அந்த ஒலி, கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் ஆங்கில வசைச்சொல்லைப் போல் காதில் விழுந்தது. கறுப்பின மாணவர்கள் சிலர் புகார் கொடுத்தார்கள்.

அவர்களைக் குறைசொல்ல இந்தக் கடிதம் எழுதப்படவில்லை. ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்தச் சொல்லைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்களின் பிள்ளைகள் திடுக்கிட்டதில் வியப்பில்லை. புகார் கொடுப்பது அவர்கள் உரிமை.

கண்டனத்துக்குரியது நிர்வாகம் செய்தது. ஆகஸ்ட் 24 அன்றே வணிகப் பள்ளியின் தலைவர் ஜெஃப்ரி காரெட் மாணவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மாணவர் மனத்தைக் காயப்படுத்தும் சொற்களை ஆசிரியர்கள் பயன்படுத்துவதை ஏற்க முடியாது, இனி வேறொருவர் பாடம் நடத்துவார் என்று அறிவித்தார். விசாரணை முடியவில்லை. குற்றம் மட்டும் முடிவாகிவிட்டது. சீன மாணவர்கள் ஏராளமாகப் படிக்கும் வளாகம் அது. அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, ‘இந்தச் சொல்லுக்கு என்னப்பா பொருள்?’ என்று கேட்டிருந்தால் போதும்.

கேட்காமலே சொல்ல முன்வந்தார்கள் முன்னாள் மாணவர்கள். பெரும்பாலும் சீனர்களான 90-க்கும் மேற்பட்டோர் பாட்டனுக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டார்கள். அவர்கள் அன்றாடம் வீட்டில் பேசும் சொல்லையே பல்கலைக்கழகம் வசையாக்கிவிட்டதே! ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, பல்கலைக்கழகத்தின் சமவாய்ப்பு அலுவலகம் விசாரித்து முடித்தது: தீய நோக்கம் எதுவும் இல்லை, அந்த எடுத்துக்காட்டு பாடத்துக்குப் பொருத்தமானதே. இதைக் கண்டுபிடிக்கத்தானே விசாரணை? அதற்கு முன்பே எதற்காக அந்த மின்னஞ்சல்?

பாட்டனுக்காவது வேலை மிஞ்சியது. மினசோட்டாவின் ஹாம்லின் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரில் கலை வரலாறு நடத்திய தற்காலிக விரிவுரையாளருக்கு அதுவும் இல்லை. நபிகள் நாயகத்தைச் சித்திரிக்கும் 14ஆம் நூற்றாண்டு இஸ்லாமிய ஓவியம் ஒன்றை அவர் வகுப்பில் காட்டினார். பாடத்திட்டத்திலேயே முன்னறிவிப்பு கொடுத்திருந்தார். காட்டுவதற்கு முன்பும் சொன்னார். பார்க்க மனமில்லாதவர் விலகிக்கொள்ள வழி இருந்தது. ஒரு மாணவி புகார் கொடுத்தார். அது அவருடைய நம்பிக்கை, அதை மதிக்க வேண்டும். ஆனால் நிர்வாகம் ஆசிரியரின் செயலை இஸ்லாமிய வெறுப்பு என்றே அறிவித்தது. அடுத்த பருவத்துக்கு அவருக்கு வகுப்பு கிடைக்கவில்லை. 2023 ஜனவரியில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது பிழை என்று பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. தலைவர் பதவி விலக வேண்டும் என்று பேராசிரியர்கள் 71-க்கு 12 என்ற கணக்கில் வாக்களித்தார்கள். அதற்குள் அந்த விரிவுரையாளர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார்.

புகார் வந்த அன்றே மாணவருக்கு ஆறுதலும் மாற்று வகுப்பும் கொடுங்கள். ஆசிரியரை உட்காரவைத்துக் கேளுங்கள். விசாரணை முடியும்வரை அவர் பெயரைக் கெடுக்கும் ஒரு வரிகூட நிர்வாகத்தின் மின்னஞ்சலில் இருக்கக்கூடாது. குற்றமில்லை என்று தெரிந்தால், முதல் மின்னஞ்சல் போன அத்தனை பேருக்கும் அந்த முடிவும் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்