பெரிய எழுத்து ஈ

இந்த வாரம் என்னைக் கோபப்படுத்தியது ஒரு வேலை விளம்பரம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பராமரிக்க ஆள் தேவையாம். கறுப்புத் திரையில் கட்டளை தட்டும் பழைய வழக்கம் தங்களிடம் இல்லை என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள்.

போஸ்ட்கிரெஸை மெனுவும் படமுமாகக் கையாள வைக்கும் பிஜிஅட்மின் மீது எனக்குப் பகை கிடையாது. ஒரு குவெரி எந்த இடத்தில் நேரத்தைத் தின்கிறது என்பதை அதன் எக்ஸ்பிளெய்ன் படம் பார்த்தவுடன் சொல்லிவிடும். ஆனால் நடுராத்திரியில் சர்வர் திணறி, எஸ்எஸ்எச் வழி மட்டுமே திறந்திருக்கும்போது கைகொடுப்பது, அந்தக் கறுப்புத் திரையில் கட்டளை தட்டும் பிஎஸ்கியூஎல்.

விளம்பரம் கிடக்கட்டும், பிஎஸ்கியூஎல் பற்றியே பேசுகிறேன். 1994இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் இருவரும் பெர்க்லியின் போஸ்ட்கிரெஸுக்கு எஸ்கியூஎல் மொழியைக் கொண்டுவந்தார்கள். அந்த மாற்றத்தில், மானிட்டர் என்ற பழைய புரோகிராமின் இடத்தைப் பிடித்தது பிஎஸ்கியூஎல். இதில் எனக்கு உயிரான ஒரு சுவிட்ச் உண்டு: ஹைஃபன் போட்டு, ஆங்கிலப் பெரிய எழுத்து ஈ. அதோடு உள்ளே போய், பேக்ஸ்லாஷ் டி தட்டி, ஒரு டேபிளின் பெயரைக் கொடுங்கள். டேபிளின் அமைப்பு மட்டும் வராது. அதைத் தேடி எடுக்க பிஎஸ்கியூஎல் ஓட்டிய குவெரிகளும் திரையில் வரிசையாக விரியும். முதல் குவெரி பிஜி_கிளாஸில் பெயரைத் தேடி ஓஐடி எண்ணை எடுக்கும். அந்த எண்ணை வைத்து பிஜி_அட்ரிபியூட்டில் காலம்களையும் பிஜி_இண்டெக்ஸில் இண்டெக்ஸ்களையும் மற்றவை தேடும். தன்னைப் பற்றிய விவரங்களையும் தரவுத்தளம் டேபிள்களிலேயே வைத்திருக்கிறது என்பது எனக்கு உறைத்தது அங்கேதான். பாடப்புத்தகத்தில் படித்தபோது உறைக்கவில்லை.

அந்தக் குவெரிகளை எடுத்து நம் தேவைக்குத் திருத்தலாம். பிரைமரி கீ இல்லாத டேபிள்கள் எவை? மூன்று வரி மாற்றினால் பட்டியல் வந்துவிடும். மெனுவில் இல்லாத கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்தான் என் கணக்கில் நிர்வாகி. பிஜிஅட்மினிலும் எஸ்கியூஎல் என்று ஒரு டேப் இருக்கிறது, நல்ல டேப். அதைத் திறந்து பார்ப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

பயிற்சி நடத்துகிறவர்களே, முதல் நாள் பிஜிஅட்மினையே காட்டுங்கள். இரண்டாம் நாள் அந்தப் பெரிய எழுத்து ஈ போட்டு பிஎஸ்கியூஎல்லைத் திறந்து, பிள்ளைகளை ஒரு மணி நேரம் அதோடு தனியாக விடுங்கள்.