கும்பமேளா தண்ணீர் குளிக்க ஏற்றதா? ஒரே வாரியம், 2 அறிக்கை.. குழப்பம் ஏன்?

2025 பிரயாக்ராஜ் மகா கும்பமேளாவில் 66 கோடிக்கும் அதிகமானோர் நீராடியதாகச் சொல்கிறது உத்தரப் பிரதேச அரசு. அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது?

முதல் அறிக்கை: மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டுவது மலக் கோலிஃபார்ம் பாக்டீரியா. 100 மில்லி தண்ணீரில் 2,500 வரைதான் இருக்கலாம். பரிசோதித்த எல்லா இடங்களிலும் பல நாட்களில் இந்த வரம்பு தாண்டியது என தேசிய பசுமைத் தீர்ப்பாயத்திடம் கூறியது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கூட்டமாகக் குளிப்பதும் ஒரு காரணம் என்றது.

இரண்டாவது அறிக்கை: பிப்ரவரி 28 தேதியிட்ட இதில் அதே வாரியம், 'குளிக்க ஏற்றது' என்றது. இடைநிலை அளவு 1,400தானாம்.

எது சரி? ரெண்டும் ஒரே ஆற்றின் கணக்குதான். நாளுக்கு நாள், இடத்துக்கு இடம் முடிவுகள் மாறியதால், எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண்ணை எடுத்தது வாரியம். அதற்கு மேலே இருக்கும் பாதி முடிவுகள் எவ்வளவு எகிறின என்பதை அந்த எண் சொல்லாது.

ஆற்றில் இறங்குபவர் குளிப்பது அன்றைய தண்ணீரில்தான். அன்றைய அளவு அன்றே கரையில் தெரிந்தால்தான் அவருக்குப் பயன். மேளா முடிந்த பிறகு வரும் கணக்கால் அல்ல.