அறுநூறு ஆண்டு நின்ற களஞ்சியம்

இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திற் சென்றிறங்கிய உறவினர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் இன்று நம்மிடையே அரிது. ஆயினும், அந்நிலையத்தின் வடபுறத்தே ஹாமண்ட்ஸ்வேர்த் என்றொரு சிற்றூர் உண்டென்பதையும், அங்கே ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளாக ஒரு தானியக் களஞ்சியம் நிற்கின்றதென்பதையும் அவர்களுள் எத்தனை பேர் அறிவரோ நாம் அறியோம்.

களஞ்சியம் என்றதும் நம் வாசகர்களின் மனக்கண்முன் வீட்டு மூலையிலுள்ள கோம்பறை தோன்றக்கூடும். இது அத்தகையதன்று. நீளம் 192 அடி, அகலம் 37 அடி, உயரம் 39 அடி. முழுவதும் ஓக் மரத்தாலான கூடு. உள்ளே இரு வரிசைத் தூண்கள் நிரையாக நிற்க, நடுவே அகன்ற ஒரு கூடமும் இரு மருங்கிலும் தாழ்ந்த சிறகுகளும் அமைந்திருக்கின்றன. பெரிய தேவாலயங்களின் அமைப்பும் இதுவே. ஆதலினாலேதான் ஆங்கிலக் கவிஞர் ஜோன் பெட்ஜமன் இதனை மிடில்செக்ஸ் மாகாணத்தின் பேராலயம் என்று அழைத்தார்.

இதனைக் கட்டியோர் வின்செஸ்டர் கல்லூரியார். அக்கல்லூரியை நிறுவிய மேற்றிராணியார் வைக்காமின் வில்லியம், பிரான்சு நாட்டு றூவன் நகரத்து மடமொன்றிடமிருந்து இவ்வூர்ப் பண்ணையை 1391ஆம் ஆண்டில் வாங்கிக் கல்லூரிக்கு மானியமாக்கினார். அங்கு விளைந்த தானியம் விலையாகி மாணவரின் கல்விக்கு உதவிற்று. நம் நாட்டிற் கோயிலுக்கும் மடத்துக்கும் வயல் எழுதிவைத்த வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

கல்லூரியின் பழைய கணக்கேடு ஒன்று, 1424இல் வில்லியம் கிப்பிங், ஜோன் அட் ஓக் என்னும் இரு தச்சர்கள் கிங்ஸ்ரன் முதலிய இடங்களுக்கு மரந்தேடிச் சென்ற செய்தியைக் கூறுகின்றது. (ஓக் மரத்தடியான் என்ற பெயருடைய ஒருவரே ஓக் மரந்தேடிச் சென்றமை நமக்கு நகைப்பைத் தருகின்றது.) பிற்காலத்து அறிஞர்கள் தூண்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தபோது, மரங்கள் வெட்டப்பட்ட காலமும் அவ்வாண்டுகளை ஒட்டியதாகவே காணப்பட்டது. ஏடும் மரமும் ஒரே சாட்சி சொல்வது எளிதிற் கிடைக்கும் பேறன்று. 1426, 1427ஆம் ஆண்டுகளிற் கட்டடம் எழுந்தது.

அக்காலத் தச்சரின் கைத்திறனைச் சிறிது விரித்துரைப்போம். ஓக் மரம் உலர்ந்தால் உளிக்கு இணங்காது. ஆகையால் ஈரப்பதம் இருக்கும்போதே அதனைச் செதுக்கினர். ஒரு மரத்தின் முனையை நாக்குப்போலச் சீவி, மற்ற மரத்திற் குடைந்த துளையுட் புகுத்தி, இரண்டையும் ஊடுருவ மர ஆணி அடித்தனர். நாக்கிலுள்ள ஆணித்துளையைச் சற்றே விலக்கித் துளைப்பார்கள். ஆணி இறங்க இறங்க இரு மரங்களும் ஒன்றையொன்று இழுத்துப் பற்றிக்கொள்ளும். கூட்டினை இணைக்க இரும்பு வேண்டியதில்லை. தூணை நிறுத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. மரம் வளர்ந்தபடி நிறுத்தாது தலைகீழாக நிறுத்துவது ஆங்கிலத் தச்சரின் வழக்கம். அடிமரத்தின் பருமன் மேலே வருவதால், உத்தரமும் வளையும் ஒரே தலையில் வந்து பொருந்த இடமுண்டாகும். தூணின் அடி மண்ணிற் படாதபடி கல்லின்மேல் ஏற்றி வைத்தனர். மண்ணின் ஈரமே மரத்துக்குக் கூற்றுவன் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

இங்ஙனம் கட்டப்பட்ட களஞ்சியம், 1970ஆம் ஆண்டுகள் வரை பண்ணைக் களஞ்சியமாகவே பயன்பட்டது. ஆபத்து அதன் பின்னரே வந்தது. கதிர் அடுக்குவோர் உள்ளவரை ஓடு பெயர்ந்தால் அன்றே கண்டு மாற்றுவோரும் இருந்தனர். பயன்பாடு ஒழிந்ததும் அக்கண்களும் ஒழிந்தன என்றே நாம் கருதுகின்றோம். கட்டடம் கைமாறிற்று. வாங்கிய நிறுவனம் முறிந்தது. 2006இல், ஒரு பவுணுக்குத் தருகின்றோம், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஊராட்சிச் சபையையும் மரபுரிமைத் துறையையும் வேண்டினர். பராமரிப்புச் சுமைக்கு அஞ்சினர் போலும், இரு சாராரும் மறுத்துவிட்டனர். விமான நிலையம் விரிவடையின் நட்டஈடு கிடைக்கும் என்ற கணக்கில், வேறொருவர் அந்த ஒரு பவுணைக் கொடுத்து வாங்கிப் பூட்டிவைத்தார்.

கூரை ஒழுகத் தொடங்கியது. 2009இல் மரபுரிமைத் துறையினர் சட்டத்தின் துணைகொண்டு அவசரத் திருத்தங்களைச் செய்தனர். ஈற்றில் 20,000 பவுண் கொடுத்து அதனைத் தமதாக்கிக் கொண்டனர். இச்செய்தி 2012 தொடக்கத்தில் வெளியாயிற்று. ஒரு பவுணுக்கு வேண்டாமென்றதை ஐந்தாறு ஆண்டுக்குள் இருபதினாயிரத்துக்கு வாங்கியதை எண்ணி நாம் சிரிக்கலாம். எனினும் வாங்காமல் விட்டிருந்தால் இழப்பு எவ்வளவாயிருக்கும் என்பதற்குக் கணக்கில்லை.

திருத்துவோர்க்குப் பொறுமை வேண்டும். இத்தகைய கட்டடத்தில் ஒரு தூணின் அடி உக்கிப்போனால், தூண் முழுவதையும் பிடுங்கிப் புதியது நடுவது எளிய வழி. நல்ல தச்சர் அதனைச் செய்யார். உக்கிய பகுதியை மட்டும் நீக்கி, அதே சாதி மரத்தில் ஒட்டுப்போட்டு, பழைய மரத்தை எவ்வளவு காக்கலாமோ அவ்வளவும் காப்பர். இக்களஞ்சியத்தின் பழைய மரங்களுட் பெரும்பாலானவை இன்றும் தத்தம் இடத்திலேயே இருக்கின்றன.

விமான நிலையத்துக்கு மூன்றாவது ஓடுபாதை அமைக்கும் பேச்சு இன்னும் ஓயவில்லை. 2018இல் ஆங்கிலப் பாராளுமன்றம் அதற்கு இசைவளித்தது. நீதிமன்ற வழக்குகளும் நடந்தன. 2025 தொடக்கத்தில் அரசாங்கம் மீண்டும் ஆதரவு தெரிவித்தது. அத்திட்டம் நிறைவேறின் ஊரின் வீடுகளிற் பல போய்விடும். களஞ்சியம் தப்பினாலும், கதிர் விளைந்த நிலமும் அயலாரும் இன்றி, விமான இரைச்சலின் நடுவே தனித்து நிற்கும்.

இப்போதைக்கு, ஏப்பிரல் முதல் ஒக்டோபர் வரை குறித்த சில ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் கதவுகள் திறக்கப்படுகின்றன. ஊர்த் தொண்டர்களே திறந்து காட்டுகின்றனர். கட்டணம் இல்லை. இலண்டனில் உறவினர் உள்ள மாணவர்கள் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதலாமே.