மூன்று வண்ணம் போதும்

கடையில் 12 வண்ணக்கட்டிகள் அடுக்கிய பெட்டியைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் இயற்கைக் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்ட விரும்பும் மாணவருக்கு அந்தப் பெட்டி ஓர் இடையூறு என்பதே என் கருத்து. பச்சை அதில் தயாராக இருக்கிறது. மரம் என்றதும் தூரிகை நேராக அங்கே போய்விடுகிறது. வேம்பின் பச்சை வேறு, வாழையின் பச்சை வேறு என்பதைக் கண் கவனிப்பதே இல்லை.

அதே காசுக்கு மூன்று நல்ல வண்ணங்களை வாங்குங்கள்: அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு, ஒரு மஞ்சள். அந்த நீலம் முற்காலத்தில் ஆப்கானிஸ்தானத்து மலைகளில் வெட்டிய நீலக்கல்லை அரைத்து எடுக்கப்பட்டது. விலை மிக அதிகம். அதைச் செயற்கையாகச் செய்யும் முறைக்காக 1828-இல் பிரான்சில் கீமே என்பவர் பரிசு பெற்றார். அதன் பிறகே அது எளியவர் கைக்கும் வந்தது. செம்பழுப்போ இரும்பு கலந்த மண்; வறுக்கும்போது அதிலுள்ள நீர் நீங்கிச் சிவக்கிறது.

இவை இரண்டையும் கலந்தால் என்ன வரும்? சாம்பல் நிறம்! நீல நிறமி மஞ்சள், ஆரஞ்சு ஒளியை விழுங்குகிறது. செம்பழுப்பு நீல ஒளியை விழுங்குகிறது. எல்லா ஒளியும் ஏறக்குறைய சம அளவில் குறைந்துவிடுவதால் எந்த நிறமும் மேலோங்குவதில்லை. நீர் குறைத்துக் கலந்தால் கறுப்புக்கு அருகிலேயே போகலாம். ஆகவே கறுப்பு வண்ணம் எதற்கு? வெள்ளைக்குத்தான் தாள் இருக்கிறதே!

இன்னொரு நன்மையும் உண்டு. தொலைவிலுள்ள மலை நீலமாகத் தெரிவது, இடையிலுள்ள காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால்தான். வானத்துக்குத் தீட்டிய அதே நீலம் மலையிலும் மரநிழலிலும் கலந்திருந்தால், படம் முழுவதும் ஒரே பொழுதின் வெளிச்சத்தில் இருப்பதுபோல் தோன்றும். 24 வண்ணங்களை அள்ளித் தெளித்த படத்தில் இந்த ஒற்றுமையைக் காண்பது அரிது.

மூன்றால் எல்லாம் முடியுமா? முடியாது. காகிதப்பூவின் கருஞ்சிவப்பு இவற்றில் பிறக்காது. மஞ்சள் காவியை எடுத்துக்கொண்டால் நாற்றங்காலின் இளம்பச்சையும் வராது, மங்கிய பச்சையே வரும். அதற்கு எலுமிச்சை மஞ்சள் வேண்டும். எந்த மஞ்சள் என்பதை நீங்கள் தீட்டப்போகும் காட்சி தீர்மானிக்கட்டும்.

ஒன்று செய்து பாருங்கள். நீலத்தையும் செம்பழுப்பையும் தட்டில் குழப்பாமல், சொரசொரப்பான ஈரத்தாளில் அருகருகே விடுங்கள். காய்ந்தபின் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால், தாளின் குழிகளில் நீலத் துகள்கள் தனியே படிந்திருப்பது தெரியும்.