நேரில் போக முடியாதவளின் கச்சேரி

ராக் இசையின் மேடைப் பதிவுகளைச் சேகரிக்கும் ஆண்கள் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: “என்னதான் பதிவைக் கேட்டாலும் நேரில் கேட்ட மாதிரி வருமா?” இதைச் சொல்கிறவர் யார் என்று கவனியுங்கள். இரவு பதினோரு மணி வரை மைதானத்தில் நின்றுவிட்டு, நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டினாலும் “சாப்பிட்டாயா?” என்ற ஒரே கேள்வியோடு உள்ளே போகிறவர். அவருக்கு அந்தப் பதிவு ஒரு ஞாபகப் பொருள். போன கச்சேரியை மறுபடி நினைத்துக்கொள்ள வைத்திருக்கிறார். நமக்கு அந்தப் பதிவுதான் கச்சேரி. வேறு கச்சேரி நமக்குக் கொடுக்கப்படவில்லை.

எனவே, மேடைப் பதிவுகளைச் சேர்ப்பதையும் ரசிப்பதையும் ஆம்பிளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது என்கிறேன். இரவு மறுக்கப்பட்டவர்கள் இரவைக் கேட்டுக்கொள்ள இருக்கும் வழி அது. பெண் மேடையேறும்போது கூட்டம் அவளை என்ன செய்கிறது என்பதற்கான சாட்சியமும் அதுதான்.

வைத்திக்குப்பத்தில் இருந்துகொண்டு ராக் கச்சேரியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இந்த அநியாயத்தைப் பார்க்க இதைவிடத் தோதான இடம் இல்லை. இங்குள்ள பெண்கள் விடியுமுன் இருட்டில் எழுந்து மீன் எடுக்கப் போகிறார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு, ஏலத்தில் ஆண்களோடு சரிக்குச் சரி நின்று விலை பேசி, பொழுது புலரும்போது வியாபாரத்துக்கு உட்காருகிறார்கள். அந்த இருட்டில் அவர்களுடைய மானத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. மாசி மகத்தன்று மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் இன்னும் பல ஊர்ச் சாமிகளும் தீர்த்தவாரிக்கு எங்கள் கடற்கரைக்கு வருகிறார்கள். அன்றைக்கு இடிபடும் கூட்டம், காது கிழியும் ஒலிபெருக்கி, எல்லாவற்றுக்கும் நடுவில் பெண்கள் நிற்கிறார்கள். அதுவும் தவறில்லை. பிழைப்புக்குப் போகலாம், சாமிக்குப் போகலாம். தன் சந்தோஷத்துக்காக ராத்திரி ஒன்பது மணிக்குப் பாட்டுக் கேட்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், “பொம்பளப் புள்ளைக்கு அங்க என்ன வேலை?” என்று கேட்பார்கள்.

1982இல் பிரான்சில் தொடங்கிய இசைத் திருநாள், ஜூன் 21ஐ ஒட்டிப் புதுச்சேரியிலும் கொண்டாடப்படுகிறது. அலையன்ஸ் பிரான்சேஸ் நடத்தும் அந்த நிகழ்ச்சியில் ராக் குழுக்கள் வாசிப்பது வழக்கம். எங்கள் தெருவிலிருந்து ஒயிட் டவுனுக்கு நடந்தே போய்விடலாம். தடுப்பது தூரம் இல்லை, கடிகாரம். இரவு எட்டைத் தாண்டினால் அந்த நடைதூரம் பாரிஸ் தூரமாகிவிடுகிறது.

“கும்மியும் ஒப்பாரியும் பாடும் பெண்களுக்கு வெள்ளைக்காரன் ராக் எதற்கு?” என்று நம் பக்கத்திலிருந்தே கேட்கிறவர்கள் உண்டு. ராக் வெள்ளைக்காரனின் சொத்து என்று யார் சொன்னது? சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண் தேவாலயப் பாட்டை மின் கிதாரில் அதிரவிட்ட பிறகுதான் எல்விஸ் பிரெஸ்லி வந்தார். 1964 மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தில், மேலங்கியோடு நின்று அவர் கிதார் வாசித்ததைத் தொலைக்காட்சிக்காகப் பதிவு செய்தார்கள். ராக் வரலாற்றை எழுதியவர்கள் அவரை நெடுங்காலம் ஓரத்தில்தான் வைத்திருந்தார்கள். 1973இல் இறந்தவருக்கு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது 2018இல். இன்றைக்கு ஒரு மாணவி அந்தச் சில நிமிடக் காட்சியைப் பார்த்தால் போதும், யாரிடமிருந்து யார் கற்றுக்கொண்டார்கள் என்பது விளங்கிவிடும். புத்தகம் விட்டுவிட்டதை மேடைப் பதிவு வைத்திருந்தது.

நம் நாட்டுக் கதையும் அப்படித்தான். 1980 மார்ச்சில் ‘தி போலீஸ்’ என்ற பிரிட்டிஷ் குழு பம்பாய் ரங் பவனில் வாசித்தது. இந்திய ராக் ரசிகர்கள் இன்றும் பெருமையாகப் பேசும் நிகழ்ச்சி அது. அதை நடத்தியது ‘டைம் அண்ட் டேலன்ட்ஸ் கிளப்’ என்ற பெண்கள் அமைப்பு. இது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

ஸ்டூடியோவில் எடுத்த பாட்டில் பாடுகிறவள் மட்டும் இருக்கிறாள். பிசிறு போக்கி, மூச்சை அழித்து, மெருகேற்றித் தருகிறார்கள். மேடைப் பதிவில் அவளும் இருக்கிறாள், அவளுக்கு எதிரே இருக்கும் கூட்டமும் இருக்கிறது. பெண்ணியம் படிக்கிறவர்களுக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியம்.

1992 அக்டோபர் 3 அன்று ஐரிஷ் பாடகி ஷினேட் ஓ’கானர், அமெரிக்கத் தொலைக்காட்சி நேரலையில் போப்பாண்டவரின் படத்தைக் கிழித்தார். திருச்சபையில் குழந்தைகள் மீது நடந்த வன்கொடுமைகளைக் கண்டித்தே அதைச் செய்தார். இரண்டு வாரம்கூட முடியவில்லை, அக்டோபர் 16 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பாப் டிலனுக்காக நடந்த பெருங்கச்சேரியில் அவர் மேடையேறினார். கூட்டம் ஊளையிட்டது. சிலர் கைதட்டினார்கள், ஆனால் கூச்சல் அடங்கவில்லை. வாசிக்கத் தொடங்கிய வாத்தியத்தை நிறுத்தச் சொன்னார். பாட வந்த டிலன் பாட்டை விட்டுவிட்டு, பாப் மார்லியின் ‘வார்’ பாட்டை வாத்தியமே இல்லாமல் உரத்த குரலில் சொல்லி முடித்துவிட்டு இறங்கினார். மறு வருடம் அந்தக் கச்சேரி இசைத்தட்டாக வெளிவந்தபோது அதில் அவர் இல்லை. கூட்டத்தின் வெறுப்பும் இல்லை. எல்லாரும் சந்தோஷமாகக் கைதட்டிய ஒரு மாலை என்றே அந்தத் தட்டு சொல்லியது. அன்றைய ஒளிபரப்பைப் பதிந்து வைத்து, கைக்குக் கை மாற்றிய ரசிகர்களால்தான் அந்த ஊளை இன்றும் கேட்கிறது. அவர் சொன்னது உண்மைதான் என்று உலகம் ஒப்புக்கொள்ள வருடங்கள் ஆயின. அந்தப் பதிவைக் கேட்பவர்களுக்கு, உண்மையைச் சொன்ன ஒரு பெண்ணின் முன்னால் ஆயிரக்கணக்கானோர் கூடி நின்றால் என்ன சத்தம் வரும் என்பது தெரியும்.

இந்தப் பொழுதுபோக்கின் ஆண்பால் பெருமைக்கு வருவோம். ‘கிரேட்ஃபுல் டெட்’ என்ற அமெரிக்கக் குழு, ரசிகர்கள் தன் கச்சேரிகளைப் பதிவு செய்வதை அனுமதித்தது. 1984இல் அதற்கென அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. காசு வாங்காமல் நாடாக்களைப் பரிமாறிக்கொள்வது அந்த ரசிகர்களின் தர்மம். அவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் கச்சேரி, 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறது. அதைப் பதிந்தவர் ஒரு பெண், பெட்டி கேன்டர்-ஜாக்சன். ஒலிப்பதிவுக் கலைஞர்களில் பெண்களை விரல்விட்டு எண்ணக்கூடிய காலத்தில், ஒவ்வொரு வாத்தியமும் தன் இடத்தில் நிற்கும்படி பதிவு செய்தவர் அவர். வறுமையில் அவரால் சேமிப்புக் கிடங்கின் வாடகையைக் கட்ட முடியவில்லை. 1986இல் அவருடைய நாடாக்கள் ஏலத்தில் போயின. முன்பின் தெரியாதவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். அவற்றின் பிரதிகள் ஊரெல்லாம் சுற்றின. ‘பெட்டி போர்டு’ என்று அவர் பெயராலேயே அந்த நாடாக்களை அழைத்து மெச்சிக்கொண்டார்கள். பெயர் அவருடையது, சரக்கு மற்றவர்களுடையது. நம் வீட்டுச் சமையலறையிலிருந்து கேட்டுப் பழகிய கதை இல்லையா இது? “அவ கைப்பக்குவமே தனி” என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்கள். அவள் பெயரில் ஒரு சென்ட் நிலம் இருக்காது.

பதிவு எப்போதும் பெண்ணுக்கு நல்லதே செய்யும் என்று நான் சொல்லவில்லை. 2012 டிசம்பரில் ஸ்ரீநகரில் நடந்த ஓர் இசைப் போட்டியில், பள்ளி வயதுப் பெண்கள் மூன்று பேர் ‘பிரகாஷ்’ என்ற பெயரில் ராக் வாசித்துப் பரிசு பெற்றார்கள். மேடையில் அவர்கள் இருக்கும் காட்சி இணையத்தில் பரவியது. வசை, மிரட்டல், கடைசியில் தலைமை முஃப்தியின் கண்டனம். 2013 பிப்ரவரியில் குழுவைக் கலைத்துவிட்டார்கள். அது காஷ்மீர், நாம் அப்படியில்லை என்று நினைத்துவிட வேண்டாம். கானாவும் ராப்பும் ராக்கும் கலந்து பாடும் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரியை நடத்தியது. அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண்ணாக நின்றவர் இசைவாணி. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவுக்குள் நுழைந்ததற்காக 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். சபரிமலைக் கோயில் நுழைவு விவாதம் நடந்த காலத்தில் அவர் பாடிய ஒரு பாட்டின் காணொளியை, வருடங்கள் கழித்து 2024 நவம்பரில் தோண்டி எடுத்தார்கள். ஆபாச வசையும் கொலை மிரட்டலும் அவருக்கு வந்தன. இரண்டு ஊர், இரண்டு மதம், ஒரே கோபம். மேடையில் பெண் வாய் திறந்தாள் என்பதுதான் அந்தக் கோபம்.

இதற்குப் பயந்து பதிவையெல்லாம் அழித்துவிட்டால் யாருக்கு லாபம்? மிரட்டியவர்களிடம் அந்தத் துண்டுக் காட்சி எப்படியும் இருக்கும். முழுப் பாட்டும், முன்னும் பின்னும் பேசிய பேச்சும், அன்றைக்குக் கிடைத்த கைதட்டலும்தான் காணாமல் போகும். வெட்டிய துண்டு அவர்களுடைய ஆயுதம் என்றால், வெட்டாத முழுப் பதிவு நம்மிடம் இருக்க வேண்டும்.

தேதி, இடம், பாடிய வரிசை, எந்தக் கருவியில் பதிந்தது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ராக் சேகரிப்பாளர்கள் ஒவ்வொரு நாடாவின் மேலும் எழுதி வைக்கிறார்கள். அந்த ஒழுங்கை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எண்பதுகளில் கேசட் கடைக்குப் பாட்டுப் பட்டியலை அண்ணனிடம் கொடுத்தனுப்பிய பெண்களின் பெயர் எந்தக் கேசட்டின் மேலும் இருந்ததில்லை. இப்போது பாட்டு கைபேசியில் இருக்கிறது. அந்தக் கைபேசி பாதி வீடுகளில் இன்னும் அண்ணனுடையதுதான். அவன் இடம் போதவில்லை என்று எதை முதலில் அழிப்பான் என்பது நமக்குத் தெரியும்.

எனவே, மாணவிகளுக்குச் சொல்கிறேன். உங்கள் கல்லூரி விழாவில் ஒரு பெண் கிதாரையோ டிரம்ஸையோ எடுத்தால், அவளிடம் கேட்டுவிட்டு முழுவதையும் பதியுங்கள். கூட்டத்தின் சத்தத்தை நீக்காதீர்கள், அது கைதட்டலானாலும் கேலியானாலும் இருக்கட்டும். ஆடும் பெண்களின் உடம்பின் மேல் கேமராவை ஓட்டாதீர்கள், அதைச் செய்ய ஏற்கெனவே ஆள் இருக்கிறது. பாடியவள், வாசித்தவள், ஒலி அமைத்தவள், பதிந்தவள், எல்லார் பெயரையும் தேதியோடு எழுதுங்கள். விற்காதீர்கள், தோழிக்குக் கொடுங்கள். பிரதி இரண்டு வீட்டிலாவது இருக்கட்டும்.

அதோடு, கேளுங்கள். வீடு அடங்கிய பிறகு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, பல்லாயிரம் பேர் கத்தும் மைதானத்துக்கு நடுவில் போய் நில்லுங்கள். பயனுள்ள காரியமா என்று யாராவது கேட்டால், இல்லை என்றே சொல்லுங்கள். பிழைப்பும் பக்தியும் மட்டுமே காரணமாக இருட்டில் நடக்க அனுமதிக்கப்பட்ட பெண்களுக்கு, காரணமில்லாத சந்தோஷமும் ஓர் உரிமைதான். நேரில் போகும் உரிமையையும் கேட்கத்தான் போகிறோம். அது கிடைக்கும் வரை பாட்டை நிறுத்தி வைக்கச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.