வைட்டமின் டி: ரத்தம் சொன்னதும் ஸ்கேன் சொன்னதும்

திடீரென ஒரு கண்ணில் பார்வை மங்குகிறது. சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடுகிறது. பல மாதங்கள் கழித்துக் கால் மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது. மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் எனும் எம்.எஸ் நோய் பலருக்கு இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

மின்சார வயருக்கு மேலுறை இருப்பதுபோல நம் நரம்புகளுக்கும் மயலின் என்ற உறை உண்டு. கிருமிகளை விரட்ட வேண்டிய எதிர்ப்பு செல்கள் ஆள் தெரியாமல் இந்த உறையைத் தாக்குவதுதான் எம்.எஸ்.

வெயில் குறைந்த நாடுகளில் இந்த நோய் அதிகம். வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்கு ஆபத்தும் கூடுதல். அப்படியென்றால், மாத்திரை கொடுத்தால் நோய் அடங்குமா?

ரத்தத்தில் தெரிந்த மாற்றம்

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 40 எம்.எஸ் நோயாளிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினமும் 10,400 யூனிட் வைட்டமின் டி. இன்னொரு குழுவுக்கு 800 யூனிட். 6 மாதங்கள் இப்படிக் கொடுத்து, ரத்தத்தில் உள்ள டி செல்களை அளந்தார்கள். (வைட்டமின் 'டி'க்கும் இந்த 'டி'க்கும் சம்பந்தமில்லை. இது ஒருவகை வெள்ளை அணு.) அதிக டோஸ் எடுத்தவர்களிடம், இன்டர்லூகின் 17 என்ற அழற்சிப் பொருளைச் சுரக்கும் டி செல்களின் விகிதம் குறைந்திருந்தது. குறைந்த டோஸில் அந்த மாற்றம் இல்லை. 2015 இறுதியில் 'நியூராலஜி' இதழில் இது வெளியானது.

நோய் குறைந்ததா?

செல் குறைந்தால் போதுமா? நோயாளிக்கு என்ன பலன்? அமெரிக்காவில் 172 பேரிடம், வழக்கமான ஊசி மருந்தோடு 5,000 அல்லது 600 யூனிட் கொடுத்து 96 வாரங்கள் கவனித்தார்கள். நோய் திரும்பத் தாக்குவதில் இரு குழுக்களுக்கும் வித்தியாசமில்லை. 2023-ல் வந்த முடிவு இது.

2025-ல் பிரான்ஸிலிருந்து சற்று நம்பிக்கையான செய்தி. நோயின் முதல் அறிகுறி மட்டுமே தோன்றிய, வேறு மருந்து தொடங்காதவர்களுக்கு 2 வாரங்களுக்கு ஒருமுறை 1 லட்சம் யூனிட் கொடுத்தார்கள். 2 ஆண்டுகளில் அவர்களில் 60.3 சதவிகிதத்தினரிடம் நோயின் செயல்பாடு தெரிந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களிடம் இது 74.1 சதவிகிதம். ஆனால், இந்த வித்தியாசம் முக்கியமாக எம்.ஆர்.ஐ ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது

எம்.எஸ் மருந்தை நிறுத்திவிட்டு வைட்டமின் டி-யை மட்டும் நம்ப வேண்டாம். ஆய்வில் கொடுத்த டோஸை நீங்களாக எடுக்கவும் வேண்டாம். அந்த நோயாளிகள் மருத்துவர்களின் கண்காணிப்பில் இருந்தவர்கள். நம்மூர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் 60,000 யூனிட் மாத்திரை, பொதுவாக வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் எழுதித் தரப்படுவது. தினமும் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

முதலில் ரத்தப் பரிசோதனை. பிறகு டாக்டர் சொல்லும் அளவு. அதற்குப் பிறகுதான் மாத்திரை!