பழைய நிலத்துக்குப் புதிய விரிப்பு

சென்ற ஆவணி மாதத்தில் ஒருநாள் அதிகாலை, அரியாலையிலுள்ள எம் இல்லத்து நடுமண்டபத்தில் என் அன்னையார் கால் இடறி விழுந்துவிட்டார். அவருக்கு வயது 78. தெய்வாதீனமாக எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. ஆயினும் மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, "இந்த வயதில் அடுத்த முறை விழுந்தால் இடுப்பெலும்புதான் முறியும். முதலில் வீட்டு நிலத்தைத் திருத்துங்கோ" என்றார். மாணவர்க்குக் கேத்திரகணிதம் கற்பிக்கும் நான், என் வீட்டு நிலம் சமதளமன்று என்பதைப் பிறர் சொல்லி அறிய வேண்டியதாயிற்று.

அந்த நிலத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1978ஆம் ஆண்டில் என் தந்தையார் மேசனோடு தாமும் குந்தியிருந்து இட்ட சிவப்புச் சீமெந்து நிலம் அது. வாசல் நிலையோரத்தில், ஈரம் காயுமுன் ஆணியினால் அவர் கீறிய ஆண்டிலக்கம் இன்றும் தெளிவாக வாசிக்கத் தக்கதாயிருக்கிறது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் நடந்தோம். மறு ஆண்டு திரும்பி வந்து பார்த்தால், கூரையில் ஒரு துவாரம். அதற்கு நேர் கீழே நிலத்தில் ஒரு குழி. கிடைத்த சீமெந்தைக் கொண்டு அவசர அவசரமாக அடைத்தோம். அந்த ஒட்டு நாளடைவில் விளிம்பு விட்டு, அரை விரற்கடை உயரத்துக்கு மேலெழுந்து நின்றது. அம்மாவின் கால் இடறியது அதிலேதான்.

'மாபிள்' என்று நம்மூரார் வழங்கும் தரையோடு பதிக்கலாமென்று முதலில் எண்ணினேன். மேசன் கூறிய தொகையோ என் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கி, மேலும் கேட்டது. சீட்டெடுத்த பணம் ரூபா 25,000 கையில் இருந்தது. ஆகவே, 'காபெற்' விரிப்பது என்று முடிவு செய்தோம்.

இவ்விடத்தில் சொல்லைப் பற்றி ஒரு சொல். நம் கடைகளில் காபெற் என்ற பெயரில் சுருள் சுருளாக நிற்பது மெய்யான கம்பளமன்று. மெய்யான கம்பளம் ஆட்டுமயிரை முடிச்சு முடிச்சாக இட்டு நெய்யப்படுவது. சைபீரியாவிலே பசிரிக் என்னுமிடத்தில், பனியுறைந்த புதைகுழி ஒன்றிலிருந்து 1949இல் எடுக்கப்பட்ட கம்பளம் ஏறக்குறைய 2,400 ஆண்டு பழைமையுடையது என்பர். குளிர்நாட்டவர்க்கு அது வேண்டியதே. நம் புழுதிக்கும் மாரிக்கும் கறையானுக்கும் அது தாக்குப் பிடியாது. நாம் வாங்குவது பீ.வீ.சீ. எனப்படும் பிளாஸ்திக்கு விரிப்பு. இதற்கு மூத்தது லினோலியம். வர்ணப் பேணியின்மேல் ஆளிவிதை எண்ணெய் ஆடைபோற் படிந்திருந்ததைக் கண்ட பிரடெரிக் வால்ற்றன் என்னும் ஆங்கிலேயர், அதனோடு தக்கைத்தூள் முதலியவற்றைக் கலந்து உருவாக்கி, 1863இல் உரிமைப் பத்திரம் பெற்ற பொருள் அது. இலங்கை வழக்கில் எல்லாம் ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டன.

கடைக்குப் போகுமுன் அளக்க வேண்டும். எம் மண்டபம் 14 அடி நீளம், 12 அடி அகலம் என்பது நான் சிறுவயது முதல் நம்பியிருந்த கணக்கு. சுருளின் அகலம் 6 அடி. நீளவாக்கில் விரித்தால் 14 அடியில் இரண்டு துண்டு, அதாவது 28 அடி போதும். குறுக்கே விரித்தால் இரண்டு துண்டு போதாது, மூன்று வேண்டும். 12 அடியில் மூன்று துண்டு 36 அடியாகிறது. நிலம் ஒன்றே, திசை மாறியதனால் 8 அடியின் விலை வீணாகிறது! நான் முதலில் விசாரித்த கடையில் 36 அடி என்றே கணக்கெழுதித் தந்தார்கள். மாணவ நேயர்கள் இதனைக் குறித்துக் கொள்வார்களாக.

நாடா பிடித்தபோதோ என் நம்பிக்கை பொய்த்தது. அகலம் ஒரு முனையில் 12 அடி. மறு முனையில் 12 அடி 3 அங்குலம். மூலைவிட்டங்களையும் அளந்தேன். அறை செங்கோணமாயின் இரண்டும் ஏறத்தாழ 18 அடி 5 அங்குலமாக ஒத்திருத்தல் வேண்டும். அவை ஒத்திருக்கவில்லை, பைதகரஸ் கண்டிருந்தால் வெட்கியிருப்பார். மூன்று அங்குலக் குறைவுக்காக மூன்றாந் துண்டு வாங்க மனம் ஒப்பவில்லை. அக்குறைவு அலுமாரிக்குக் கீழே வரும்படி விட்டுவிட்டோம். சுவரோரம் சீவுவதற்காகத் துண்டுக்கு 3 அங்குலம் கூட்டி, இருபத்தெட்டரை அடி வாங்கினேன். பூவேலை இல்லாத விரிப்பையே தெரிந்தெடுத்தேன்; பூ இருந்தால் பூவோடு பூ பொருந்தும்படி வெட்டுவதிலேயே ஓரடிக்கு மேல் போய்விடும். மிக மெல்லியது நிலத்தின் மேடுபள்ளத்தை அப்படியே காட்டும், கதிரைக்காலிலும் கிழியும். மினுமினுப்பானது நீர் பட்டால் முதியோரை வழுக்கி வீழ்த்தும். ஆகவே தடிப்பும் சொரசொரப்பும் உள்ளதை வாங்கினேன்.

ஆயினும் முதற் செலவு விரிப்புக்கன்று, மேசனுக்கே. பழைய ஒட்டைக் கொத்தியெடுத்து, குழியை ஒழுங்காக நிரப்பி மட்டம் பார்த்த பின்னரே மற்ற வேலை. இதைச் செய்யாமல் விரித்திருந்தால் இடறும் இடம் கண்ணுக்கும் மறைந்திருக்கும்.

பொருத்துவதற்கு ஓர் இளைஞர் வந்தார். சுருளைச் சுமந்து வருதல், தளபாடங்களை நகர்த்துதல், ஓரம் சீவுதல் யாவும் கூலிக்குள் அடங்குமா என்று முன்கூட்டியே பேசித் தாளில் எழுதிக்கொண்டேன். நிலத்தில் ஈரம் உண்டா என அறிய நான் ஒரு பரிசோதனையும் செய்து வைத்திருந்தேன். இரண்டடிச் சதுரமான பொலித்தீன் துண்டை நிலத்தில் வைத்து, நான்கு ஓரத்தையும் நாடாவினால் ஒட்டி, ஓரிரவும் ஒரு பகலும் விட்டிருந்தேன். எடுத்துப் பார்த்தால் அடியில் ஈரமே இல்லை.

"பாத்தீங்களே சேர், ஒரு பொட்டு ஈரமில்லை. முழுக்கப் பசை பூசி ஒட்டிவிட்டால் பத்து வருசத்துக்கு அசையாது" என்றார் இளைஞர். நானும் தலையசைத்தேன்.

சாய்மனைக் கதிரையில் கைக்கட்டோடு சாய்ந்திருந்த அம்மா, "தம்பி, இப்ப ஆவணி. கார்த்திகையிலை வந்து பாரும். இந்த நிலம் வேர்க்கும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பசை போட்டால் கொப்பர் கீறின இலக்கமும் அதோடை போயிடும்" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். எம் வீட்டிலிருந்து கடனீரேரி தூரமன்று. மாரியில் கிணற்று நீர் கைக்கெட்டுமளவுக்கு ஏறும். 1978இல் இட்ட நிலத்துக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கப் பொலித்தீன் விரிக்கவும் இல்லை. என் பரிசோதனை சரியானதே. செய்த மாதம்தான் பிழை. ஐம்பது மாரியை அண்மித்து அந்த நிலத்திலேயே வாழ்ந்தவரை நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

ஆகவே பசையைக் கைவிட்டோம். விரிப்பை ஒரு நாள் முழுவதும் மண்டபத்தில் விரித்தபடியே விட்டு, சுருளின் மடிப்பு நீங்கிய பின் வெட்டினோம். வெயிலில் அது சற்று நீளும் என்பதால் சுவரோரத்தில் கால் அங்குல இடைவெளி விட்டோம். நடுப் பொருத்தில் ஒரு துண்டின்மேல் மற்றதைச் சிறிது ஏற்றி வைத்து, இரும்பு அடிமட்டத்தை அழுத்திப் பிடித்து இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டினார் இளைஞர். இடைவெளி மயிரிழையும் தெரியவில்லை. அந்தக் கைத்திறனுக்குக் கூலி குறைத்துப் பேசியது எனக்குப் பின்னர் கூச்சமாகவே இருந்தது. பொருத்துக்குக் கீழும் வாசலிலும் மாத்திரம் இருபுறமும் ஒட்டும் நாடா. எஞ்சிய இடங்களை அலுமாரியும் கட்டிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டன. வாசலில் வழமையாகக் கிடந்த கால்மிதியையும் அகற்றிவிட்டேன். வழுவழுப்பான விரிப்பின்மேல் நழுவும் மிதியைப் போன்ற ஆபத்து வேறில்லை. எல்லாம் போக ரூபா 1,400 மிஞ்சிற்று. அதனோடு கொஞ்சம் சேர்த்துக் குளியலறைச் சுவரில் ஒரு கைபிடி பூட்டுவித்தேன்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு மறுநாள், மூன்று நாள் மழை ஓய்ந்த காலை, வாசல் மூலையில் நாடாவை உரித்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கையளவு இடத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. அதன் நடுவே 1978 என்ற இலக்கம் கழுவி விட்டாற்போலத் தெரிந்தது. அம்மா ஒரு பழைய சீலைத் துண்டைக் கொண்டுவந்து தந்தார். துடைத்து, பகல் முழுவதும் மூலையை மடித்து உலர விட்டு, பொழுதுபட மீண்டும் விரித்தோம்.